மோட்டார் பெல்ட்டின் கீச்சொலியும் அதற்குப் பரிகாரமும்

காலையில் மோட்டார் வண்டியைக் கிளப்பியவுடன் எஞ்சினின் முன்புறத்திலிருந்து கீச்சென்ற சத்தம் எழுந்து, சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடுவதை வண்டி வைத்திருப்போர் பலரும் அறிவார்கள். அடங்கிவிட்டதே என்று சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வேறு சிலர் சத்தம் கேட்ட மாத்திரத்திலேயே புதுப் பெல்ட்டு வாங்கி மாட்டிவிடுகின்றனர். முன்னது அபாயம், பின்னது பல சமயங்களில் வீண்செலவு. ஏனெனில் சத்தமிடுவது பெல்ட்டே ஆயினும் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

எஞ்சினின் கிராங்குத் தண்டின் முனையிலுள்ள கப்பி சுழலும்போது, அதன்மேல் ஓடும் ரப்பர்ப் பெல்ட்டானது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும், வண்டியின் அமைப்புக்கேற்பத் தண்ணீர்ப் பம்பு, ஸ்டீயரிங் பம்பு, குளிர்சாதனக் கம்ப்ரெஸர் முதலியவற்றையும் சுழற்றுகிறது. பழைய வண்டிகளிலும் அநேக டிராக்டர்களிலும் இருப்பது ஆப்பு வடிவமான பெல்ட்டு. தற்காலக் கார்களிலோ உட்புறத்தில் நீளவாட்டில் வரிகளுள்ள நீண்ட பெல்ட்டு ஒன்றே எல்லாக் கப்பிகளையும் வளைந்து சுற்றிவருகிறது. 1979-ம் வருஷத்திய போர்டு மஸ்டாங் காரில் வந்த இம்முறை பின்னர் எங்கும் பரவியது. இதில் பெல்ட்டு ஒன்று அறுந்தால் எல்லாம் ஒருங்கே நின்றுவிடும். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியாயின், சில நிமிஷங்களில் எஞ்சின் கொதித்துவிடும். அந்நிலையிலும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணிப்போகும். அந்தச் செலவு பெல்ட்டின் விலையைப்போல் பன்மடங்காகும். இரவில் பிரசவ வேதனையுற்ற ஸ்திரீயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் விளையும் நஷ்டத்தையோ ரூபாயில் கணக்கிட இயலாது.

முதலில் சத்தத்தின் ஜாதியை அறியவேண்டும். நீண்டு இழுபடும் கீச்சொலி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதோ, முகப்பு விளக்கையும் குளிர்சாதனத்தையும் ஒருங்கே போடும்போதோ, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடிக்கும்போதோ எழுமாயின், பாரம் தாங்காமல் பெல்ட்டு கப்பியின்மேல் வழுக்குகிறது என்று கொள்க. குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டு, எஞ்சின் வேகத்துக்கேற்ப அடுத்தடுத்து விரையும் ஒலி, கப்பிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததற்கு அடையாளம். உறுமலும் கரகரப்புமாயின் பெல்ட்டை விட்டு ஏதேனும் ஒரு கப்பியின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் இரண்டையும் பிரித்தறியச் செலவற்ற சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் மெதுவாக ஓடுகையில், சற்று எட்டி நின்று, பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் சுத்த ஜலத்தைத் தெளிக்கவும். சத்தம் அதிகரித்தால் இறுக்கம் போதாமல் வழுக்குகிறது. உடனே அடங்கிச் சில விநாடிகளில் மீண்டும் எழுந்தால் கப்பி நேராக இல்லை. இச்சோதனை செய்கையில் வேஷ்டித் தலைப்பு, மேல்துண்டு, சேலை முந்தானை, சட்டைக் கை எதுவும் தொங்கலாகாது. மற்ற வேலைகளுக்கெல்லாம் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்ட பிறகே கையை நீட்டவேண்டும். மின்சார விசிறியுள்ள கார்களில், எஞ்சின் நின்ற பின்னரும் விசிறி தானே சுழலத் தொடங்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

வழுக்கலுக்குக் காரணம் பல. ஆப்புப் பெல்ட்டில், இரு கப்பிகளுக்கிடையே நீண்ட பாகத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சாதாரணமாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை தணியலாம். சரியான அளவு அவ்வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ளது. அதிகம் தணிந்தால் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி, அதை வெளிப்புறம் இழுத்து முடுக்கவேண்டும். சத்தம் நிற்கும்வரை முடுக்கிக்கொண்டே போவது தவறு. மிகை இறுக்கத்தால் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும் விரைவில் தேய்ந்துவிடும். வரிப் பெல்ட்டுகள் பலவற்றில் வில்லுள்ள டென்ஷனர் தானே இறுக்கத்தைக் காக்கிறது. அதன் கை, ஓடும்போது துள்ளினாலும் குறியீட்டின் எல்லையைக் கடந்து நின்றாலும் மாற்றத்தக்கது டென்ஷனரேயன்றிப் பெல்ட்டு மட்டுமன்று. பாட்டரி சோர்ந்திருப்பினும், கிளப்பியவுடன் ஆல்டர்னேட்டருக்குப் பாரம் மிகுந்து கீச்சொலி எழும். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெல்ட்டில் எண்ணெயோ ரேடியேட்டர் திரவமோ பட்டிருந்தால், கசிவை அடைக்காமல் புதுப் பெல்ட்டு மாட்டுவது வீண். கசிவை நிறுத்தி, கப்பிகளின் பள்ளங்களைச் சோப்பு ஜலத்தால் கழுவி உலர்த்திய பின்னரே மாட்டவேண்டும். அரிசி ஆலைகளின் தோல் பெல்ட்டுக்குப் பிசின் தடவிப் பழகியவர்கள் காரின் பெல்ட்டுக்கும் அவ்வாறே செய்ய முற்படுவதுண்டு. அதில் புழுதி ஒட்டிச் சில நாட்களில் சத்தம் முன்னிலும் மிகும். கிரீஸ் தடவுவதோ பெல்ட்டையே கெடுத்துவிடும்.

கப்பியின் நேர்மையைப் பார்க்க, இரு கப்பிகளின் முகத்தின் மேலும் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து இடைவெளி தெரிகிறதா என்று நோக்குக. பேரிங்கைச் சோதிக்க, பெல்ட்டு போகும் வழியைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, அதைக் கழற்றி ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றவேண்டும். கரகரப்போ ஆட்டமோ உள்ளதே குற்றவாளி. பெல்ட்டில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதானால் அரை நிமிஷத்துக்கு மேற்படலாகாது.

பெல்ட்டின் ஆயுளைக் கண்ணால் அறிவதில் ஒரு மாறுதல் ஏற்பட்டுள்ளது. பழைய ரப்பர் வகைகள் முதிர்ந்தால் வெடிப்புக் காணும். இப்பொழுதுள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் டயரைப்போல் தேயுமேயன்றி எளிதில் வெடிப்பதில்லை. ஆகவே வெடிப்பில்லை என்பதைக்கொண்டு நல்லது எனத் தீர்மானிக்கலாகாது. வரிகளின் பள்ளம் அகன்று ஆழமாகியிருந்தால் மாற்றுக. ஆப்புப் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தாலும், அது பள்ளத்தின் அடியைத் தொட்டு ஓடினாலும் அதன் காலம் முடிந்தது.

புதியது வாங்கும்பொழுது பழையதன் முதுகிலுள்ள எண்ணைக் குறித்துச் செல்லவேண்டும். 6 பி.கே. 1880 என்றிருந்தால் வரிகள் 6, நீளம் 1880 மில்லிமீட்டர் என்பது பொருள். கையால் முடுக்கும் ஆப்புப் பெல்ட்டு புதிதாயின் சில நாள் ஓட்டத்துக்குப்பின் சிறிது நீளும். மறுமுறை இறுக்கம் பார்ப்பது அவசியம். கழற்றிய பெல்ட்டு அறுகாமலும் எண்ணெய் படாமலும் இருந்தால், தக்க ஸ்பானருடன் சேர்த்துக் கட்டி வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.