‘டிஸ்ட்ரெஸ்’ என்றால் என்ன?



தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நுழைந்த நாம், டிக்‌ஷனரியில் ஓர் அர்த்தத்தைப் பார்த்து அதையே எல்லா இடத்திலும் ஒட்டவைக்கிறோம். அது சரிப்படாது என்பதற்கு ‘டிஸ்ட்ரெஸ்’ என்ற ஒரு சொல்லே போதும்.

இதன் வேர் லத்தீன். இறுக்கி இழுப்பது என்று பொருள். நம்ம ‘நெருக்கடி’யும் ‘நெருக்கு’ என்பதிலிருந்து வந்ததுதானே! ஆகவே சும்மா ‘கஷ்டம்’னு சொல்வதைவிட ‘நெருக்கடி நிலை’ என்பதே பொருந்தும். இனி அது இடத்துக்கு இடம் மாறுவதைப் பாருங்கள்.

1. டிஸ்ட்ரெஸ் சிக்னல்: கப்பல் ஆபத்தில் இருக்கிறது, உடனே உதவி தேவை.

2. பேவ்மென்ட் டிஸ்ட்ரெஸ்: சாலையில் விழும் வெடிப்பு, பள்ளம். சிவில் மாணவர்களுக்குத் தெரிந்ததே.

3. டிஸ்ட்ரெஸ் சேல்: கடன் நெருக்குவதால் அறுத்த நெல்லைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவது. தஞ்சாவூர்க்காரங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

4. டிஸ்ட்ரெஸ் இயர்: நமக்கு மிக முக்கியமானது இதுதான்.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் அளித்த இறுதித் தீர்ப்பில் ஆற்றின் மொத்த நீர் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. கர்நாடகம் தமிழகத்துக்குத் தரவேண்டியது 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை 177.25 ஆகக் குறைத்தது. நீர் குறைந்த ‘டிஸ்ட்ரெஸ்’ ஆண்டில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்பதே தீர்ப்பு.

கணக்குப் போடுவோம். மொத்த நீர் 25 சதவீதம் குறைந்தால் நமக்கு 177.25 x 0.75 = சுமார் 133 டி.எம்.சி. பூஜ்யம் அல்ல! இங்கே டிஸ்ட்ரெஸ் என்பதை ‘வறட்சி, தண்ணி இல்லை’ என்று மொழிபெயர்த்தால் நம் பங்கை நாமே விட்டுக்கொடுத்ததாகும். ‘இருக்கிற குறைவைப் பங்கிட்டுக்கொள்’ என்பதே அதன் பொருள். பத்திரிகைகள் இதை ‘இடர்ப்பாட்டுக் காலப் பகிர்வு’ என்று எழுதுகின்றன.

சிக்கல் வேறு இடத்தில். கணக்கு ஜூன் முதல் மே வரை. குறுவைக்கோ ஜூனிலேயே தண்ணீர் வேண்டும். எந்த மாதம் எவ்வளவு குறைந்தால் டிஸ்ட்ரெஸ் என்பதில்தான் தகராறு. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை 2012-ல் செப்டம்பர் 17-ல்தான் திறந்தது. ஆண்டுக் கணக்கு முடியும்வரை நாற்று காத்திருக்குமா?

எனவே நண்பர்களே, ஒரு சொல்லைப் படித்தால் அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் படியுங்கள். பரீட்சைக்கு மட்டுமல்ல, நம்ம வாய்க்கால் தண்ணிக்கும் அது உதவும்!