இம்மாதப் பாடம்: சினிமாவுக்குப் போகிற செலவும் அம்மாவின் டிக்கெட்டும்



காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அப்போது பாவு வேலை செய்யும் ஓர் அக்கா சொன்னார்: "வீட்ல எல்லாரும் சினிமாவுக்குப் போனாங்க. டிக்கெட் விலையைக் கேட்டதும், எனக்குத் தலைவலி, நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்." பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் அந்தத் தலைவலி அடிக்கடி வரும்க்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு, "இப்படி வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள்.

அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

முன்பு எப்படி இருந்தது?

நம் அம்மா, பாட்டி காலத்தில் டூரிங் கொட்டகை இருந்தது. தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட் மூன்று வகை. கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற இடத்தில் உட்காரலாம். தரை டிக்கெட் என்றால் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பெண்களுக்குத் தனிப் பக்கம். வீட்டில் சுட்ட முறுக்கும் குழந்தைக்குப் பாலும் கூடவே போகும். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா எழுதிய 'வேலைக்காரி', 'நல்லதம்பி' படங்கள் 1949-ல் வந்தன. அந்தக் காலத்துப் படங்களைக் கூலி வேலை செய்யும் பெண்களும் பார்க்க முடிந்ததற்கு அந்தத் தரை டிக்கெட் ஒரு காரணம்.

இன்று அந்தத் தரை டிக்கெட் இல்லை.

விலை ஏன் ஏறியது?

முதல் காரணம், வசதிகள். ஏ.சி., நல்ல நாற்காலி, டிஜிட்டல் கருவி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு டிக்கெட்டில் வந்து சேரும்.

இரண்டாவது, வரி. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம், 100 ரூபாய் வரை 18 சதவீதம். அதோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்றதும், ஜூலை 3 முதல் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நான்கு நாள் மூடிக் கிடந்தன. பிறகு கேளிக்கை வரி குறைந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் உச்ச விலை 120 ரூபாயிலிருந்து 150 ரூபாய் ஆனது. வரி அதற்கு மேல்.

2019-ல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 12 சதவீதம் என்று குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். ஆகவே 100 ரூபாய்க்குள் டிக்கெட் இருக்கிற தியேட்டரைப் பார்த்துப் போனால் வரியிலும் மிச்சம்.

வாருங்கள், கணக்குப் போடுவோம்

இது ஓர் உதாரணம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.

டிக்கெட், வரியோடு 150 வீதம் 4 பேருக்கு: 600 ரூபாய்
செல்போனில் பதிவு செய்த கட்டணம், 30 வீதம்: 120 ரூபாய்
பாப்கார்ன், கூல் டிரிங்க்ஸ்: 400 ரூபாய்
பஸ், வண்டி நிறுத்தம்: 80 ரூபாய்
மொத்தம்: 1,200 ரூபாய்

மாதம் 100 ரூபாய் சந்தா கட்டும் உறுப்பினருக்கு இது ஒரு வருடச் சேமிப்பு! இதில் டிக்கெட் பாதிதான். மீதிப் பாதி மற்ற செலவு.

இப்போது அம்மாவுக்குத் "தலைவலி" வந்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் எவ்வளவு? டிக்கெட் 150, பதிவுக் கட்டணம் 30, ஆக 180 ரூபாய். மூன்று பேர் போயும் 1,020 ரூபாய் செலவு.

இதையே வேறு மாதிரி செய்யலாம். நான்கு பேரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். டிக்கெட்டைக் கவுண்டரில் வாங்குகிறார்கள். இடைவேளைக்கு 100 ரூபாய் மட்டும். டிக்கெட் 600, தின்பண்டம் 100, பஸ், வண்டி நிறுத்தம் 80. மொத்தம் 780 ரூபாய். அம்மாவும் போகிறார், 240 ரூபாயும் மிச்சம்.

பார்த்தீர்களா? செலவைக் குறைக்க வேண்டிய இடம் வேறு. நாம் குறைத்துக்கொண்டது நம்மை.

இது நமக்குப் பழகிப்போன ஒன்று. 'காஞ்சிவரம்' என்ற படம் 2007-ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று தேசிய விருது வாங்கியது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் நெசவாளி, தன் மகளுக்கு ஒரு பட்டுப் புடவை கொடுக்கத் தவிக்கும் கதை. நம் வீட்டிலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவது நாம்தான். "வீட்ல டி.வி. இருக்கே, எதுக்குத் தியேட்டர்?" என்பார்கள். டி.வி. பார்க்கும்போதுகூட அடுப்பில் ஒரு கண், மாவில் ஒரு கை. தியேட்டரில் இரண்டரை மணி நேரம் யாரும் நம்மிடம் டீ கேட்க மாட்டார்கள். அந்த ஓய்வு நமக்கும் வேண்டும்.

தெரிந்துகொள்ளுங்கள்

1. டிக்கெட்டில் அச்சிட்ட விலையைப் படித்துப் பாருங்கள். அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. மாவட்டத்தில் தியேட்டருக்கு லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர். திங்கட்கிழமை மனு நாளில் டிக்கெட்டோடு மனு கொடுக்கலாம்.

2. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சொல்லத் தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம். இது 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "தண்ணி எங்க இருக்கு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

3. பாக்கெட், பாட்டில் பொருளில் எம்.ஆர்.பி. விலை இருக்கும். 2018 ஜனவரி 1 முதல் ஒரே பொருளுக்குக் கடையில் ஒரு எம்.ஆர்.பி., தியேட்டரில் ஒரு எம்.ஆர்.பி. என்று அச்சிடக் கூடாது. பில் கேட்டு வாங்குங்கள். புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. உதிரியாகத் தரும் பாப்கார்னில் எம்.ஆர்.பி. இருக்காது, விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குழு என்ன செய்யலாம்?

• சினிமாவுக்கு உள்கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். வீட்டில் தனி உண்டியல் வையுங்கள். வாரம் 20 ரூபாய் போட்டால் வருடத்தில் 1,040 ரூபாய் சேரும்.
• படம் வந்த முதல் நாளே போக வேண்டாம். கூட்டம் குறைந்த பிறகு கவுண்டரில் நிதானமாக வாங்கலாம்.
• வருடத்துக்கு ஒரு முறை குழுவாகவே போகலாம். முன்கூட்டியே தியேட்டர் மேனேஜரிடம் பேசிப் பாருங்கள்.
• வீட்டுக் கணக்கு எழுதும்போது முதல் டிக்கெட்டை அம்மாவின் பெயரில் எழுதுங்கள். பாப்கார்ன் கடைசியில் வரட்டும்.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. கடைசியாக நீங்கள் தியேட்டருக்குப் போனது எப்போது? போகாததற்குக் காரணம் பணம் மட்டும்தானா?
2. உங்கள் வீட்டில் போன முறை ஆன செலவில் டிக்கெட் எவ்வளவு, மற்றது எவ்வளவு?
3. காசு போதாதபோது உங்கள் வீட்டில் முதலில் யாருடைய செலவு குறைகிறது? சினிமாவில் மட்டும்தானா, மருந்திலும் சாப்பாட்டிலும்கூடவா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள்.