விசுவாசம்: கடவுளுக்கு நாம் கொடுக்கும் பதில்

ஞாயிறு தோறும் மறையுரை முடிந்ததும் நாம் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுகிறோம். சிறு வயதிலேயே மனப்பாடமான வார்த்தைகள் ஆகையால் வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போகிறது. திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் யாராவது நம்மை மறித்து, "விசுவசிக்கிறேன் என்று சொன்னீரே, அதனால் உமது வாழ்க்கையில் என்ன மாற்றம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்லுவோம்? அன்பார்ந்த வாசகர்களே, இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம். ஏனெனில் ஞானஸ்நானத்தின்போது திருச்சபையிடம் நாம் முதன்முதல் கேட்டுப் பெற்றுக்கொண்டது விசுவாசத்தையே.

மூன்று படிகள்

புனித அகுஸ்தீனார் விசுவாசத்தில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். பிற்காலத்தில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதே பகுப்பை எடுத்து விளக்கினார். முதலாவது, கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று நம்புவது. இரண்டாவது, அவர் சொல்வது உண்மையென்று ஏற்றுக்கொள்வது. மூன்றாவது, அவரையே நம்பி, அவரை நோக்கி நடந்து, அவரிடம் நம்மை ஒப்படைப்பது.

முதலாவது நிலையில் மட்டும் நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே பலர். கடவுள் உண்டு என்பதை அவர்கள் ஒருபோதும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த நம்பிக்கை அவர்களுடைய வியாபாரத்தையோ, குடும்ப வாழ்வையோ, அயலவனோடு உள்ள வேலித் தகராற்றையோ தொடுவதில்லை. புனித யாகப்பர் தமது நிருபத்தில் இத்தகையோரை மிகக் கடுமையாகச் சாடுகிறார். கடவுள் ஒருவரே என்பதைப் பேய்களும் அறிந்திருக்கின்றன, அறிந்து நடுங்கவும் செய்கின்றன என்கிறார் அவர் (யாக. 2:19). அப்படியானால் வெறும் அறிவு மட்டும் நம்மைப் பேய்களிலும் மேலானவர்களாக்கப் போவதில்லை!

இரண்டாவது நிலை அவசியமானது. கடவுள் வெளிப்படுத்திய உண்மைகளைத் திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது; அவற்றை அறிந்து ஏற்காமல் விசுவாசம் வெறும் உணர்ச்சியாகிவிடும். 325ஆம் ஆண்டில் நிசேயா நகரில் ஆயர்கள் கூடி, கிறீஸ்துநாதர் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது சொல்லலங்காரத்திற்காக அன்று. அவர் மெய்யான கடவுளாக இல்லாவிட்டால் நமக்கு மீட்பே இல்லை என்பதற்காகவே. ஆயினும் இந்த இரண்டாம் படியும் மூன்றாவதற்கு இட்டுச் செல்ல வேண்டும். வைத்தியர் சொல்வது சரியென்று ஒத்துக்கொண்டு மருந்தைக் குடியாதிருப்பவன் நோயிலிருந்து தப்புவானா? 1965ஆம் ஆண்டு கார்த்திகை 18ஆம் திகதி வெளியான இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனையே வலியுறுத்தியது. விசுவாசத்தினால் மனிதன் தன் அறிவையும் மனத்தையும் மாத்திரமல்ல, தன்னை முழுவதுமே சுயாதீனமாகக் கடவுளிடம் ஒப்படைக்கிறான் என்பது அதன் போதனை.

"ஆமென்" என்னும் சொல்

செபத்தின் முடிவில் நாம் சொல்லும் "ஆமென்" எபிரேய மொழிச் சொல். "உறுதியாயிருத்தல்" என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. அம்மொழியில் "விசுவசித்தல்" என்னும் சொல்லும் அதே வேரிலிருந்தே வருகிறது. ஆகவே எபிரேயனுக்கு விசுவாசம் என்பது காலை உறுதியான நிலத்தில் ஊன்றுவதாகும்.

இசையாஸ் ஆகமத்தின் 7ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கி.மு. 735 அளவில் யூதாவின் அரசன் ஆகாசை இரு அயல்நாட்டு அரசர்கள் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். காற்றில் ஆடும் காட்டு மரங்களைப்போல அரசனின் உள்ளமும் மக்களின் உள்ளமும் நடுங்கின. அந்த வேளையில் இறைவாக்கினர் அவனிடம் சென்று, நீங்கள் விசுவாசத்தில் ஊன்றி நில்லாவிட்டால் நிலைத்திருக்க மாட்டீர்கள் என்று எச்சரித்தார். ஆகாஸ் கேட்கவில்லை. கோவிலிலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய மன்னனுக்கு அனுப்பி அவனுடைய உதவியை வாங்கினான். அதனால் அவனுக்கே அடிமையுமானான். நமக்கும் அசீரியர்கள் உண்டு. நெருக்கடி வந்ததும் சாத்திரக்காரனையும் கைரேகை பார்ப்பவனையும், செல்வாக்குள்ள பெரிய மனிதரையும் தேடி ஓடுகிறோம். கடவுளை மறுத்துவிட்டு ஓடவில்லை. அவர் போதாது என்று நினைத்து ஓடுகிறோம். விசுவாசக் குறைவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆபிரகாமின் இருபத்தைந்து ஆண்டுகள்

ஆபிரகாமை விசுவாசிகளின் தந்தை என்கிறோம். கடவுள் அவரை அழைத்தபோது அவருக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடையிலே 25 ஆண்டுகள்! வாக்குறுதி உண்டு, பிள்ளையில்லை. இரவில் நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இவ்வாறிருக்கும் என்றார் கடவுள். விடிந்தால் வெறுமையான கூடாரம். ஆபிரகாம் கேள்வி கேட்டார், சிரித்தார், சிலவேளை தவறான குறுக்கு வழியும் தேடினார். ஆனால் புறப்பட்டு வந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

இதிலே இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, பேச்சைத் தொடங்குகிறவர் கடவுளே. விசுவாசம் நமது பதில். ஆகவே அது நாம் உழைத்துச் சம்பாதித்த சொத்தல்ல, அவரது கொடை. இரண்டாவது, அந்தப் பதில் ஒரு நாளில் சொல்லி முடிகிற பதிலல்ல. கலியாண நாளில் சொன்ன சம்மதத்தை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தே கணவனும் மனைவியும் மெய்ப்பிக்கிறார்கள். விசுவாசமும் அப்படியே.

செபம் கேட்கப்படாதபோது

இனி மிகக் கடினமான இடத்திற்கு வருகிறோம். "சுவாமி, நான் மன்றாடாத நாளில்லை. வைக்காத நேர்த்தியில்லை. ஆனால் என் பிள்ளை திரும்பி வரவில்லையே" என்று சொல்லும் தாய்மாரை அறியாத குரு நமது பகுதிகளில் இல்லை. போர் 2009இல் முடிவடைந்தது. அவர்களுடைய காத்திருப்பு முடியவில்லை. 1999 கார்த்திகையில் அடைக்கலம் தேடி மடுமாதாவின் திருத்தலத்தில் தங்கியிருந்தவர்கள் மேலேயே எறிகணைகள் விழுந்தன. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் பொங்கியது. 2019 சித்திரை 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குச் சென்றவர்கள் கோவிலிலேயே கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதாமலா இருந்தது?

"பாவத்துக்குத் தண்டனை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களிலும் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை யேசுநாதரே மறுத்துவிட்டார் (லூக். 13:4-5). "விசுவாசம் குறைந்தபடியால்தான் கேட்டது கிடைக்கவில்லை" என்று துன்பப்படுகிறவர்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதும் பெரும் கொடுமை. ஜெத்சமனித் தோட்டத்தில் பாத்திரம் தம்மை விட்டு அகலும்படி மன்றாடியவர் தேவசுதன். அது அகலவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

விசுவாசத்தை ஒரு காப்புறுதியைப்போல எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் உண்டாகிறது. இவ்வளவு மெழுகுதிரி, இவ்வளவு நடைப்பயணம், அதற்கு இவ்வளவு பலன் என்று கணக்குப் பார்ப்பது கொடுக்கல் வாங்கல். கணக்குத் தவறினால் உறவும் முறிந்துவிடும். நேர்த்தி வைப்பது பிழையென்று சொல்ல வரவில்லை. அன்பின் அடையாளமாக வைத்த நேர்த்தி நல்லது; கடவுளைக் கட்டிப்போட வைத்த நேர்த்தி வீண்.

அழுது முறையிடுவதும் விசுவாசமே என்பதை மறவாதீர்கள். 150 சங்கீதங்களில் முறையீட்டுச் சங்கீதங்களே மிகுதி. எவ்வளவு காலம், ஏன் மறந்தீர் என்று கடவுளிடமே கேட்கிறவன் அவரை விட்டுப் போய்விடவில்லை. சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் அத்தகைய சங்கீதமொன்றின் வார்த்தைகளாலேயே செபித்தார். 1896ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலம் முதல் 1897 புரட்டாதி 30ஆம் திகதி இறக்கும் வரை சிறுமலர் தெரேசம்மாளின் ஆன்மாவில் கடும் இருள் சூழ்ந்திருந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்னும் சந்தேகமே அவரை வாட்டியது. அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தினாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒளியில்லாதபோதும் கையை விடாதிருப்பதே விசுவாசத்தின் முதிர்ச்சி.

கனிகொடாத மரம்

விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று புனித சின்னப்பர் உரோமருக்கு எழுதினார். செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாகப்பர் எழுதினார். இருவரும் முரண்படுகிறார்களா? இல்லை. சின்னப்பர் மரத்தின் வேரைப்பற்றிப் பேசுகிறார், யாகப்பர் கனியைப்பற்றி. திரிதெந்து சங்கம் 1547இல் விசுவாசத்தை நமது மீட்பின் தொடக்கமும் அடித்தளமும் வேருமாகக் கண்டது. நெடுங்காலம் நிலவிய இந்தப் பிணக்கைக் குறித்துக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999ஆம் ஆண்டு ஐப்பசி 31ஆம் திகதி கூட்டு அறிக்கையில் ஒப்பமிட்டு, அடிப்படை உண்மைகளில் ஒருமனப்பட்டது மகிழ்ச்சிக்குரியது.

யாகப்பர் செயலைப்பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். சபைக்குள் வரும் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும், கந்தைத்துணி உடுத்த ஏழைக்குக் காலடியும் கொடுக்கிறவர்களையே அவர் முதலில் கண்டிக்கிறார். அது நம்மையும் சுடவில்லையா? ஒரே அப்பத்தை உட்கொண்டு வெளியே வந்ததும் சாதி பார்க்கிறோம். ஞானஸ்நானத்தால் சகோதரர்கள் என்கிறோம். கலியாணப் பேச்சு வந்ததும் குலம் விசாரிக்கிறோம், சீதனத்திற்குப் பேரம் பேசுகிறோம். சீதனம் கொடுக்க வழியின்றி ஒரு விசுவாசியின் மகள் வீட்டில் முதிர்கன்னியாய் இருக்க, இன்னொரு விசுவாசி தன் மகனுக்கு விலை வைக்கிறான் என்றால், அங்கே விசுவாசப் பிரமாணம் எந்த மட்டில் நிற்கிறது? தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

குருவானவர் இல்லாத காலம்

நமது முன்னோரைச் சற்று எண்ணிப்பாருங்கள். 1544இல் மன்னாரில் ஏறத்தாழ 600 பேர் சங்கிலி மன்னனின் ஆணையால் கிறீஸ்துவுக்காக உயிர்கொடுத்தார்கள் என்று நமது வரலாறு கூறுகிறது. அவர்கள் நெடுங்காலக் கிறீஸ்தவர்களல்லர். அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கற்றது கொஞ்சம், கொடுத்தது எல்லாம்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே குற்றமாயிற்று. 1687இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள் வெளிப்படையான பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. அடிகளார் கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்து, அதைக் கண்டவர்களின் முகக்குறியால் கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலையில் தங்கி இரவு வேளைகளில் மக்களுக்குத் திருப்பணி செய்தார். 1711 தை 16ஆம் திகதி கண்டியில் அவர் இறந்தார். 2015 தை 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இந்த வரலாற்றில் நாம் பெரும்பாலும் அடிகளாரை மட்டுமே நினைக்கிறோம். அவர் காட்டிய செபமாலையை அடையாளம் கண்டுகொண்டவர்கள் யார்? குருவைக் காணாமலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? பெயர் தெரியாத தாய்மாரும் தந்தையருமே. இன்று நமக்குக் கோவிலும் குருக்களும் மறைப் பாடசாலையும் உண்டு. ஆனால் எத்தனை வீடுகளில் மாலைச் செபம் நடைபெறுகிறது? தகப்பன் ஒரு கைத்தொலைபேசியோடு, பிள்ளை இன்னொன்றோடு, செபமாலை சுவரிலே! கோவிலில்லாமல் விசுவாசம் 29 ஆண்டுகள் உயிரோடிருந்தது. வீடில்லாமல் ஒரு தலைமுறைகூட அது உயிரோடிராது.

நாம் செய்ய வேண்டியவை

விசுவாசம் விதையைப்போன்றது, பராமரிக்காவிட்டால் பட்டுப்போகும். ஆகவே, முதலாவதாக, நாள்தோறும் சுவிசேஷத்தில் ஒரு பகுதியையாவது வாசியுங்கள். கேள்வியினாலேயே விசுவாசம் பிறக்கிறதென்று சின்னப்பர் கற்பிக்கிறார். இரண்டாவதாக, குடும்பமாகச் செபியுங்கள். பத்து நிமிடம் போதும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது பணத்தைப்பற்றி விசாரிப்பதுபோல அவர்களுடைய பூசையையும் செபத்தையும் விசாரியுங்கள். மூன்றாவதாக, சந்தேகம் வந்தால் மறைக்காமல் உங்கள் பங்குக் குருவிடமோ நல்லதொரு விசுவாசியிடமோ பேசுங்கள். கேள்வி கேட்ட தோமையாரை ஆண்டவர் துரத்திவிடவில்லை. நான்காவதாக, இந்த வாரத்திலேயே விசுவாசத்திற்காக ஒரு செயல் செய்யுங்கள். பேசாதிருக்கும் சகோதரனோடு பேசலாம்; பிள்ளையை இழந்த ஒரு தாயின் வீட்டில் அரைமணி நேரம் இருக்கலாம். அவளுக்கு உபதேசம் செய்ய வேண்டாம், கூட இருந்தாலே போதும்.

மாற்கு சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனை யேசுவிடம் கொண்டுவந்த ஒரு தகப்பனைக் காண்கிறோம். தனக்கு விசுவாசம் உண்டென்றும், ஆனால் அது குறைவாயிருப்பதால் உதவி செய்யும்படியும் அவன் ஒரே மூச்சில் கதறினான். ஆண்டவர் அவனுடைய விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கவில்லை. மகனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வருகிற ஞாயிறன்று விசுவாசப் பிரமாணம் சொல்ல எழுந்து நிற்கும்போது, அந்தத் தகப்பனின் மன்றாட்டை நமதாக்கிக்கொண்டு, "ஆமென்" என்ற சொல்லை அதன் முழுப் பொருளோடும் சொல்லுவோமாக.