ரயில்வேக்கும் ஓர் அணி உண்டு

ரஞ்சிக் கோப்பை நம் நாட்டின் பெரிய கிரிக்கெட் போட்டி. கர்நாடகம், பஞ்சாப் என்று பல மாநில அணிகள் இதில் ஆடுகின்றன. ரயில்வே என்ற பெயரிலும் ஓர் அணி ஆடுகிறது. இந்த அணிக்குச் சொந்த மாநிலம் இல்லை. எந்த மாநிலத்தவரும் இதில் ஆடலாம். ஆனால் அவர் ரயில்வே ஊழியராக இருக்க வேண்டும்.

விளையாட்டை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? பெற்றோருக்கு இந்தக் கவலை உண்டு. இன்று நூறு ரன் எடுப்பவர் நாளை ரன் எடுக்காமலே அவுட் ஆகலாம். கால் முறியலாம். ரயில்வே வீரருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. மருத்துவ வசதி உண்டு. ஆடும் வயது முடிந்த பிறகும் வேலை இருக்கும்.

இந்த அணி எளிதில் வெல்லவில்லை. 1988-இல் இறுதி ஆட்டம் வரை வந்தது. தமிழ்நாட்டிடம் தோற்றது. 2001-இல் பரோடாவிடம் தோற்றது. மறு ஆண்டு அதே பரோடாவை வென்றது. முதல் முறையாகக் கோப்பை கிடைத்தது. 2005-இல் பஞ்சாபை வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றது.

பெண்கள் அணியும் உண்டு. முன்பு பெண்கள் கிரிக்கெட்டில் வருமானம் மிகக் குறைவு. கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கு ஆண்டுச் சம்பள ஒப்பந்தம் கொடுத்ததே 2015-இல்தான். அதற்கு முன் பல பெண்களுக்குக் கை கொடுத்தது ரயில்வே வேலை. மிதாலி ராஜ் ரயில்வே அணிக்கு ஆடியவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1999 முதல் 2022 வரை இந்தியாவுக்காக ஆடினார். ஒரு நாள் ஆட்டங்களில் 7805 ரன் எடுத்தார்.

இந்த வேலை எப்படிக் கிடைக்கும்? விளையாட்டு வீரர்களுக்கு என்று ரயில்வே சில வேலைகளை ஒதுக்குகிறது. அதற்கு அறிவிப்பு வரும். வயது 18 முதல் 25 வரை இருக்க வேண்டும். குறைந்தது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். விளையாட்டுச் சான்றிதழ்களைப் பார்ப்பார்கள். ஆடிக் காட்டச் சொல்வார்கள்.

நன்றாக ஆடும் பிள்ளை பள்ளியை விட்டுவிட்டால் இந்த வாசல் அடைபடும். "பணம் கொடு, வேலை வாங்கித் தருகிறேன்" என்று தரகர்கள் வருவார்கள். நம்ப வேண்டாம். அறிவிப்பை நாமே எழுத்துக்கூட்டிப் படிப்போம். அதில் உள்ளதுதான் உண்மை.

பேசிப் பார்ப்போம்:

1. ரயில்வே அணியில் யார் ஆடலாம்?

2. பெண்களுக்கு இந்த வேலை எப்படி உதவியது?

3. நம் ஊரில் நன்றாக விளையாடும் பெண் பிள்ளைகள் யார்? அவர்கள் பள்ளிக்குப் போகிறார்களா?