தெப்பம் ஏறிவந்த திரைப்படங்கள்

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்

• ஒரு நாட்டின் திரைப்படங்கள் பிற நாட்டாரைச் சென்றடையும் வழியை அறிதல்.
• சொற்கள் கடல் கடந்து பயணம் செய்வதை உணர்தல்.
• படித்த கதையைத் தம் சொந்தச் சொற்களில் சுருக்கி உரைத்தல்.

நுழையும்முன்

மடல் எழுதுவது ஒரு செயல். அதனை அஞ்சலில் சேர்ப்பது மற்றொரு செயல். எழுதிய மடல் மேசை இழுப்பறையிலேயே கிடந்தால் எழுதியவருக்கும் பயனில்லை; அதற்காகக் காத்திருப்பவருக்கும் பயனில்லை. திரைப்படமும் அத்தகையதே. அரிதின் முயன்று ஒரு படத்தை எடுத்து முடித்தாலும், அது காண்போரைச் சேராவிட்டால் அனுப்பப்படாத மடலாகவே நின்றுவிடும். பிரேசில் நாட்டுத் திரைப்படங்களை வேற்றுநாட்டு மக்களிடம் கொண்டுசேர்க்கும் விழா ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

1. ஒருநாள் இடைவெளியில் இரண்டு நாடுகள்

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரின் கிராண்ட் கஃபே என்னும் சிற்றுண்டி மனையில் லூமியர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்களுக்கு அசையும் படங்களைக் காட்டினர். உலகத் திரைப்பட வரலாறு அந்நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஓராண்டு நிறைவதற்குள் அப்புதுமை கடல்களைக் கடந்தது. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயிலுள்ள வாட்சன் விடுதியில் இந்தியாவின் முதல் திரையிடல் நிகழ்ந்தது. அதற்கு மறுநாள், ஜூலை 8ஆம் நாள், பிரேசிலின் அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனிரோவில் முதல் திரையிடல் நிகழ்ந்தது. உலக உருண்டையில் நெடுந்தொலைவு விலகி நிற்கும் இரண்டு நாடுகள், ஒரேயொரு நாள் இடைவெளியில் திரைப்படத்தைக் கண்டு வியந்தன.

பிரேசில், தென் அமெரிக்காவின் மிகப்பெரிய நாடு. அங்கே 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்களது பொதுமொழி போர்ச்சுக்கீசியம். பாரிஸில் தோன்றிய திரைக்கலையைப் பெற்றுக்கொண்ட அந்நாடு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்த் தன் படங்களைத் திரட்டிக்கொண்டு அதே பாரிஸுக்கு வந்தது.

2. விழாவும் அதன் பெயரும்

1990களின் இறுதியில் கட்டியா அட்லர் என்னும் பிரேசில் நாட்டுப் பெண்மணி பாரிஸில் பிரேசில் திரைப்பட விழாவைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு வாரம் அவ்விழா நடைபெறுகிறது. பல ஆண்டுகளாக அதன் இருப்பிடமாக விளங்குவது, ரென் தெருவில் உள்ள ஆர்லெகான் என்னும் திரையரங்கு. கதைப்படங்களும் ஆவணப்படங்களும் அங்கே போர்ச்சுக்கீசிய மொழியிலேயே ஒலிக்கின்றன. பிரெஞ்சு வரிகள் திரையின் அடியில் ஓடுகின்றன. அமெரிக்காவின் மயாமி நகரிலும் இத்தகைய விழா ஒன்று 1997ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.

பாரிஸ் விழாவை நடத்தும் சங்கத்தின் பெயர் 'ஜங்காடா'. பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் மீனவர்கள் செலுத்தும் பாய்மரத் தெப்பத்திற்கு அப்பெயர் வழங்குகிறது. இலேசான மரத்தண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து, முக்கோணப் பாய் விரித்து, அம்மீனவர்கள் அதில் ஆழ்கடலுக்குச் செல்வர். நம் கட்டுமரத்தை அறிந்தவர்க்கு அத்தோற்றம் புதிதன்று.

தோற்றம் மட்டுமன்று, பெயரும் நமக்கு அணுக்கமானதே. 1500ஆம் ஆண்டு ஏப்ரலில் கப்ரால் என்னும் போர்ச்சுக்கீசிய மாலுமியின் கப்பல்கள் பிரேசில் கரையை அடைந்தன. அதே பயணத்தில் செப்டம்பரில் கோழிக்கோட்டை வந்தடைந்தன. இவ்வாறு இரு கரைகளுக்கும் இடையே சென்றுவந்த மாலுமிகள், மலையாளக் கரையில் தெப்பத்திற்கு வழங்கிய 'சங்ஙாடம்' என்னும் சொல்லைத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். அதுவே ஜங்காடா ஆயிற்று என்பது மொழியறிஞர் கருத்து. தமிழ் அகராதியிலும் 'சங்கடம்' என்னும் சொல்லுக்குத் துன்பம் என்பதோடு, இரட்டைத்தோணி என்னும் பொருளும் காணப்படுகிறது. கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதுபோல, தென்னிந்தியக் கரையின் தெப்பப் பெயர் ஒன்று பிரேசிலில் நிலைபெற்று, இன்று பாரிஸில் ஒரு திரைவிழாவைத் தாங்கி நிற்கிறது.

3. விழா ஏன் வேண்டும்?

'நல்ல படமாயின் தானே ஓடாதா? அதற்கு விழா எதற்கு?' என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். திரையரங்குகளின் எண்ணிக்கை வரம்புடையது. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் விளம்பரம் செய்யப்படும் படங்களே பெரும்பாலான அரங்குகளைப் பிடித்துக்கொள்கின்றன. வேற்றுமொழிப் படமொன்று தனியே வந்தால் அதற்கு இடம் கிடைப்பது அரிது. பல படங்கள் ஒரே வாரத்தில் ஒன்றுகூடி வரும்போது செய்தித்தாள்கள் எழுதுகின்றன, மக்கள் வருகின்றனர், இயக்குநர்கள் அரங்கிலேயே காண்போரின் வினாக்களுக்கு விடையளிக்கின்றனர், படங்களை வாங்கித் திரையிடும் வணிகர்களும் அவற்றைக் காண்கின்றனர்.

மற்றொரு காரணம் பிரேசிலின் வரலாற்றில் உள்ளது. 1969ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு 'எம்பிராஃபில்மே' என்னும் திரைப்பட நிறுவனத்தை அமைத்தது. படத் தயாரிப்புக்கும் வெளியீட்டுக்கும் அது துணைநின்றது. 1990ஆம் ஆண்டு பதவியேற்ற குடியரசுத் தலைவர் கோலோர் அந்நிறுவனத்தை மூடிவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த பிரேசில் படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாயின. பெரியதொரு நாடு தன் கதையைத் தானே சொல்ல இயலாத நிலைக்கு ஆளானது. 1993இல் புதிய சட்டம் இயற்றப்பட்ட பிறகு, அந்தப் பத்தாண்டின் நடுவில் படத்தொழில் மீண்டும் தளிர்த்தது. அக்காலத்தை அந்நாட்டார் 'மீட்பு' என்று பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். பாரிஸ் விழா பிறந்தது அந்த மீட்புக் காலத்திலேயே.

4. இழுப்பறையில் கிடந்த மடல்கள்

மீட்புக் காலத்தின் பெரும்புகழ் பெற்ற படம், வால்டர் சாலஸ் இயக்கிய 'சென்ட்ரல் டு பிரசில்'. பிரேசிலும் பிரான்சும் இணைந்து தயாரித்த அப்படம், 1998ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. சென்னைக்குச் 'சென்ட்ரல்' இருப்பதுபோல ரியோ நகரிலும் ஒரு நடு நிலையம் உண்டு. படத்தின் பெயர் அந்நிலையத்தின் பெயரே.

டோரா என்னும் முன்னாள் பள்ளி ஆசிரியை அந்நிலையத்தில் ஒரு சிறு மேசை இட்டு அமர்ந்திருக்கிறாள். வறட்சி மிகுந்த வடகிழக்குப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த, எழுத்தறியாத மக்கள் அவளிடம் வருகின்றனர். ஊரில் உள்ளவர்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கின்றனர். அவள் எழுதிக் காசு பெற்றுக்கொள்கிறாள். ஆனால் அம்மடல்களை அஞ்சலில் சேர்ப்பதில்லை. சிலவற்றைக் கிழிக்கிறாள், சிலவற்றை இழுப்பறையில் போட்டு வைக்கிறாள். மடல் போய்ச் சேரும் என்று நம்பி ஏழைகள் வீடு திரும்புகின்றனர்.

ஒருநாள் தன் கணவனுக்கு மடல் எழுதுவித்த பெண்ணொருத்தி நிலையத்தின் வெளியே பேருந்து மோதி இறக்கிறாள். அவளுடைய ஒன்பது வயது மகன் ஜொசுவே தனித்து விடப்படுகிறான். முதலில் அவன்மீது இரக்கம் கொள்ளாத டோரா, பின்னர் அவனை அழைத்துக்கொண்டு அவனுடைய தந்தையைத் தேடி வடகிழக்கு நோக்கிப் புறப்படுகிறாள். வழியில் கைப்பொருள் தீர்ந்துபோகிறது. திருத்தலம் ஒன்றில் கூடியிருந்த அடியவர்களுக்கு மடல் எழுதித் தரலாம் என்று சிறுவன் வழிகாட்டுகிறான். அங்கே எழுதிய மடல்களை டோரா வீசி எறியவில்லை, அஞ்சலில் சேர்க்கிறாள். கதையின் திருப்பம் அந்தச் சிறு செயலிலேயே உள்ளது. தந்தையைக் காண இயலவில்லை. ஆயினும் ஜொசுவே தன் தமையன்மார் இருவரைக் கண்டடைகிறான். தந்தை எழுதுவித்திருந்த மடலை டோரா அவர்களுக்குப் படித்துக்காட்டுகிறாள்.

ஜொசுவேயாக நடித்த சிறுவன் வினீசியஸ் டி ஒலிவேரா, ரியோ விமான நிலையத்தில் காலணிகளுக்கு மெருகிட்டு வந்தவன். டோராவாக நடித்த பெர்னாண்டா மொன்டெனேக்ரோ, 1999இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்கு முன்மொழியப்பட்டார்.

5. சொல்லும் சொல்லின்மையும்

வேற்றுமொழிப் படத்தைப் புரிந்துகொள்ளத் துணைசெய்வன, சப்டைட்டில் எனப்படும் அடிவரிகள். அவற்றை எழுதுவது எளிய பணியன்று. பொதுவாக ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்குமேல் இடுவதில்லை. சில நொடிகளில் படித்து முடிக்கத்தக்கவாறு பேச்சைச் சுருக்கவும் வேண்டும்; பொருளைச் சிதைக்காமலும் இருத்தல் வேண்டும். போர்ச்சுக்கீசியத்தில் 'சவுடாடே' என்றொரு சொல் உண்டு. தொலைவில் உள்ளவரையோ, கழிந்துபோன காலத்தையோ அன்போடு நினைந்து ஏங்கும் ஏக்கம் அதன் பொருள். பிரிவாற்றாமை என்று நாம் கூறலாம். ஆயினும் துயரோடு கலந்த இனிமையும் அச்சொல்லில் உண்டு. ஒரே சொல்லில் அதனைப் பெயர்ப்பது எவ்வளவு கடினம்! அதனால்தான் இவ்விழாவில் மூலமொழியின் ஒலியை மாற்றாமல் வைத்து, அடியில் மட்டும் பொருளைத் தருகின்றனர். குரலைக் கேட்கும் செவியும் வரியைப் படிக்கும் கண்ணும் சேர்ந்தே படத்தை அறிகின்றன. பாரிஸில் வாழும் பிரேசில் நாட்டவர்க்கோ, தம் மொழி ஓர் அரங்கு முழுதும் ஒலிப்பதைக் கேட்கும் வாய்ப்பு அங்கே கிட்டுகிறது.

அடிவரியே தேவைப்படாத பிரேசில் படமும் ஒன்று உண்டு. அலே அப்ரேயு 2013இல் உருவாக்கிய 'சிறுவனும் உலகும்' என்னும் பொருளுடைய அசைவூட்டப் படம் அது. வேலை தேடித் தொடர்வண்டி ஏறிச் சென்ற தந்தையைத் தேடிச் சிறுவன் ஒருவன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். தந்தை இசைத்த குழலின் பண்ணே அவனுக்கு வழித்துணை. படத்தில் பேசப்படும் சிற்சில சொற்களும் போர்ச்சுக்கீசியச் சொற்களைத் தலைகீழாகத் திருப்பி அமைத்தவை. எவர்க்கும் அவை புரியா. ஆனால் கதை அனைவர்க்கும் புரிகிறது. 2014ஆம் ஆண்டு பிரான்சின் அன்னசி நகரில் நடைபெறும் அசைவூட்டப்பட விழாவில் அதற்கு முதன்மை விருது வழங்கப்பட்டது.

6. போய்ச்சேர்ந்த மடல்

1964 முதல் 1985 வரை பிரேசிலில் இராணுவ ஆட்சி நிலவியது. 1971 ஜனவரியில் ரூபென்ஸ் பைவா என்னும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரை ஆட்சியாளர் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். அவர் திரும்பவே இல்லை. ஐந்து மக்களை வளர்த்து, சட்டம் பயின்று, உண்மைக்காகப் போராடிய அவருடைய மனைவி யூனிசின் வரலாற்றை வால்டர் சாலஸ் படமாக்கினார். 'நான் இன்னும் இங்கே இருக்கிறேன்' என்பது அதன் பெயரின் பொருள். 2024இல் அப்படம் முதலில் திரையிடப்பட்டது பிரேசிலில் அன்று; இத்தாலியின் வெனிஸ் விழாவில். பின்னரே தாய்நாட்டை அடைந்தது. 2025 மார்ச்சில் சிறந்த பன்னாட்டுப் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அவ்விருதைப் பெற்ற முதல் பிரேசில் படம் அதுவே. யூனிசாக நடித்தவர் பெர்னாண்டா டோரஸ். முதுமைக்கால யூனிசாக நடித்தவர், முன்பு டோராவாக நடித்த அவருடைய தாயார் மொன்டெனேக்ரோ.

மறைக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் துயரம், அரை நூற்றாண்டுக்குப் பின் உலகின் செவியை எட்டியது. எடுத்தவர் ஒருவர், சுமந்து சென்றவர் பலர். மாணவர்களே, நீங்கள் வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகிறீர்கள். ஒரு கரையின் கதையை மறுகரைக்குக் கொண்டுசெல்லும் தெப்பம் உங்களிடமும் உள்ளது.

அருஞ்சொற்பொருள்

தெப்பம் – மிதவை
அணுக்கம் – நெருக்கம்
அரிதின் முயன்று – பெருமுயற்சி செய்து
தமையன் – அண்ணன்
பண் – இசை
அசைவூட்டப் படம் – வரைந்த உருவங்களை அசையச் செய்து எடுக்கும் படம்

இலக்கணம் அறிவோம்

கட்டுமரம் – கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் பொருந்தி வருதலால் இது வினைத்தொகை. இவ்வாறே 'சுடுசோறு', 'ஊறுகாய்' ஆகியவற்றை விரித்து எழுதுக.

பயிற்சி

அ. பிரித்து எழுதுக
1. சென்றடைந்த 2. மறுகரை 3. எழுத்தறியாத

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க
1. இந்தியாவிலும் பிரேசிலிலும் முதல் திரையிடல் நிகழ்ந்த நாள்கள் யாவை?
2. 'ஜங்காடா' என்னும் சொல்லின் வரலாறு யாது?
3. 'சவுடாடே' என்பதன் பொருள் யாது?

இ. ஐந்து தொடர்களில் விடையளிக்க
1. வேற்றுமொழிப் படங்களுக்கு விழா ஏன் தேவைப்படுகிறது?
2. திருத்தலத்தில் எழுதிய மடல்களை டோரா அஞ்சலில் சேர்த்தது ஏன் என நீ கருதுகிறாய்? உன் கருத்துக்குக் காரணம் கூறுக.

ஈ. செய்து பார்ப்போம்
1. ஊரில் உள்ள உன் தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் சிறுவயதில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுத் தமிழில் எழுதுக. தமிழ் அறியாத உன் நண்பருக்கு அதனை அவருடைய மொழியில் கூறுக. பெயர்க்க இயலாத சொல் ஏதேனும் இருந்ததா? வகுப்பில் கலந்துரையாடுக.
2. நீ கண்ட தமிழ்ப்படம் ஒன்றின் சிறு உரையாடலைத் தேர்ந்தெடுத்து, உன் பகுதி மக்கள் பேசும் மொழியில் இரண்டு வரிக்கு மிகாமல் அடிவரி எழுதுக.