பழைய அமெரிக்கக் காருக்குப் பாகம் தேடுவோர்க்கு

சில ஆண்டுகளுக்கு முன், 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை நண்பர் ஒருவரோடு சேர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், பழைய கார்ச் சந்தை ஒன்றில் ஓர் அட்டைப்பெட்டியைக் கண்டேன். தொழிற்சாலை ஒட்டிய சீட்டு கலையாமல், ஓரங்கள் மட்டும் சற்றே பழுப்பேறி, அரை நூற்றாண்டாக எவர் கையும் படாத முன்சக்கரத்துப் பிரேக் ஹோஸ் ஒன்றை உள்ளே வைத்திருந்த அந்தப் பெட்டியைப் பார்த்ததும், அசல் பாகமே கிடைத்துவிட்டது என்ற ஆனந்தத்தில், இன்று புதிதாகச் செய்து விற்கும் ஹோஸின் விலையைப்போல் மும்மடங்கு கொடுத்து வாங்கி வந்தேன். கொட்டகையில் அதைப் பூட்டி, ஆயில் ஊற்றி, காற்றெடுத்து, நண்பரைப் பெடலை அழுத்தச் சொன்னேன். முதல் இரண்டு அழுத்தங்களைத் தாங்கியது. மூன்றாவதில் சக்கரத்தின் உட்புறம் ஈரம் மினுமினுத்தது. கழற்றி விரல்களுக்கிடையே வளைத்துப் பார்த்தபோது, கோடையில் வற்றிய ஏரியின் வண்டல்போல அதன் மேனியெங்கும் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன. நின்ற வண்டியில் நேர்ந்ததால் அதோடு போயிற்று; மலைச்சரிவில் நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றும் நெஞ்சு பதறுகிறது.

விற்றவர்மீது குற்றமில்லை; சொன்ன பொருளைத்தான் அவர் விற்றார். பிழை என் கேள்வியில் இருந்தது. அசலா நகலா என்று மட்டும் கேட்ட நான், இது எதனால் ஆனது, அந்தப் பொருளை வயது என்ன செய்யும் என்று கேட்டிருக்க வேண்டும். அன்று முதல் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போது முதலில் அதையே கேட்கிறேன். பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்க விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடிய யோசனைகளெல்லாம் ஏறத்தாழ அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தவை.

ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லை நாம் கோயில்களுக்கென்றே வைத்திருக்கிறோம். ஆயினும் நைந்துபோன ஒன்றை அதன் பழைய லட்சணம் கெடாமல் மீட்டெடுப்பதுதான் அதன் பொருளென்றால், இந்த வேலைக்கும் அது பொருந்தும். அமெரிக்காவில் இதில் இறங்குகிறவருக்குப் பாகங்கள் வந்து சேரும் வழிகள் நான்கு: அக்காலத்திலேயே தொழிற்சாலை செய்து, விலைபோகாமல் கிடங்கில் தங்கிவிட்ட பழைய சரக்கு, அசலைப் பார்த்து இன்று புதிதாகச் செய்யப்படும் நகல், ஓடி ஓய்ந்த வண்டிகளிலிருந்து கழற்றப்படும் பாகம், நம் வண்டியில் ஏற்கெனவே இருப்பதையே பழுது பார்த்துத் திரும்பப் பூட்டுவது. புதியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே மதிப்பு வைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கடைசியாகச் சொன்னதற்கே முதலிடம். மற்ற மூன்றும் அது கைகொடுக்காத இடங்களில் நாட வேண்டியவை.

பெட்டி பிரியாத பழைய சரக்கின் பெருமை இரும்புத் தகட்டில் விளங்கும். மட்கார்டு, பானெட், கதவுத் தகடு ஆகியவை வண்டியைச் செய்த அதே அச்சில் அழுத்தப்பட்டவையாதலால், திருகுத் துளைகள் தாமாகவே வந்து பொருந்தும். கியர்ச் சக்கரம், விளக்கின் கண்ணாடி வில்லை, மீட்டர்கள் ஆகியவற்றையும், நனைந்திராத இடத்தில் இருந்தவையெனில், தயங்காமல் வாங்கலாம். ரப்பரோ பெட்டிக்குள் இருந்தாலும் காற்றின் பிராணவாயுவால் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு வெடிக்கிறது. ஆகவே ஹோஸ், பிரேக் சிலிண்டரின் கப், டயர், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் துண்டு, கதவோரத்து ரப்பர் ஆகியவற்றில் எதையும், பெட்டி எவ்வளவு அழகாயிருந்தாலும், புதிதாகச் செய்ததையன்றி வாங்கலாகாது. பெட்டியை நேசிப்பவர்கள் அதை அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும்; சாலையில் மனிதர்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதற்கு இடமில்லை.

நகல் பாகங்களைப் பற்றிச் சொல்லுமுன், அவை எந்தக் காருக்குக் கிடைக்கும் என்பதை நிர்ணயிப்பது எண்ணிக்கைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1927 இறுதியில் வெளிவந்து 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் உற்பத்தியான ஃபோர்டின் மாடல் ஏ காருக்கும், 1964 ஏப்ரல் 17 அன்று வெளியாகி, முதல் நாளிலேயே 22,000 பேர் கேட்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் விற்ற மஸ்டாங்குக்கும் இன்றும் வாங்குவோர் இருப்பதால், திருகாணியிலிருந்து இருக்கைத் துணிவரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். மஸ்டாங்குக்கு முழு உடற்கூடே புதிதாகக் கிடைக்கிறது. அதே ஆண்டுகளில் சில ஆயிரம் மட்டுமே உற்பத்தியான ஒரு காருக்கோ, பின்விளக்கின் வளையம் ஒன்றைப் பெற இரண்டு ஆண்டு காத்திருக்கவும் நேரலாம்.

நகல்களின் தரம் ஒரேபடியாக இருப்பதில்லை. தைவானிலும் பிற இடங்களிலும் புதிதாக வெட்டிய அச்சுகளில் அழுத்தப்படும் தகடுகளில் சில அசலுக்கு நிகராக அமைகின்றன. சில கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிப் பூட்டும்போதுதான் வேறுபாட்டைக் காட்டுகின்றன. நாங்கள் வாங்கிய மட்கார்டு ஒன்றின் எல்லாத் திருகுகளையும் விரலால் மட்டும் லேசாக முடுக்கி நிறுத்திப் பார்த்தபோது, கதவுக்கும் அதற்கும் நடுவிலிருந்த இடைவெளி மேலே சுண்டுவிரல் நுழையுமளவுக்கு அகன்றும், கீழே ஒரு காகிதமும் நுழையாதபடி நெருங்கியும் இருந்தது. துளையை நீட்டி, ஓரத்தை மரச்சுத்தியலால் தட்டி, மெல்லிய தகட்டுத் துண்டுகளை அடியில் வைத்து அதை நேராக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அந்தப் பிரயாசையில் பாதியைக்கூடக் கேட்டிருக்காது, நாங்கள் கழற்றி மூலையில் போட்டிருந்த நெளிந்த அசலை நல்ல டிங்கர் ஒருவரிடம் கொடுத்திருந்தால். எனவே நகலை வாங்கினாலும் அசலைத் தூக்கி எறியாதீர்கள். கதவு, பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் ஒருசேரப் பூட்டி இடைவெளிகளைப் பார்த்த பிறகே பெயின்ட் அடியுங்கள்.

வயர்களில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. நூல் சுற்றிய பழைய வயரின் உறை உதிர்ந்தால் தீப்பிடிக்கும். பழைய நிறக்கோடுகளோடு நெய்து தரும் புதிய வயர்க் கட்டு தாராளமாகக் கிடைக்கும்போது பழசை ஒட்டுப்போடுவது பெரும் தவறு.

மூன்றாவது வழியை நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால் காயலான் கடை. அமெரிக்காவில் அது பல ஏக்கர்ப் பரப்பில், கார்கள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானமாக விரிந்திருக்கும். எந்த மாநிலத்து மைதானம் என்பதே இங்கு முக்கியம். மிச்சிகன், ஒஹையோ போன்ற வட மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவதால், வண்டியின் அடிப்பாகம் உள்ளிருந்தே அரித்துப் போகிறது. அரிசோனாவின் பாலைவனத்திலோ வெயில் இருக்கைகளையும் ரப்பரையும் சாம்பலாக்கிவிட்டுத் தகட்டை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறது. ஆகவே தகடும் சட்டமும் வேண்டுவோர் பாலைவன மாநிலங்களில் விசாரிப்பதே உத்தமம். தூரத்துப் போக்குவரத்துச் செலவு, துருவை வெட்டிப் பற்றவைக்கும் கூலியைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும்.

அங்கே செல்பவருக்கு எண்களைப் படிக்கும் ஞானம் வேண்டும். ஃபோர்டு பாகங்களில் பொறித்திருக்கும் எழுத்துகளில் முதலாவது பத்தாண்டையும், அடுத்த இலக்கம் ஆண்டையும், மூன்றாவது எந்தக் கார் என்பதையும் குறிக்கும்: ‘சி’ என்றால் அறுபதுகள், ‘5’ என்றால் 1965, ‘இஸட்’ என்றால் மஸ்டாங், ‘டி’ என்றால் ஃபால்கன். மஸ்டாங் வண்டியே ஃபால்கனின் அஸ்திவாரத்தில் எழுந்ததாகையால், மஸ்டாங் என்று கேட்டால் உயர்ந்த விலை சொல்லும் அதே பாகம், யாரும் திரும்பிப் பாராத ஃபால்கனில் மலிவாகக் கிடைப்பதுண்டு. ஆனால் ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், எட்டு சிலிண்டருக்கு ஐந்து என்பது போன்ற பேதங்களை அறியாமல் வாங்கினால் பணம் வீண். எந்தக் காரின் பாகம் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று அட்டவணை போட்டுக் காட்டும் ஹாலண்டர் என்ற தொகுதி 1930களிலிருந்து காயலான் கடைக்காரர்களுக்குப் பஞ்சாங்கம் போல இருந்து வருகிறது. அதன் பழைய பதிப்பு ஒன்று கையில் இருப்பது பத்து நண்பர்கள் இருப்பதற்குச் சமம்.

இருப்பதையே பழுது பார்ப்பதற்கு ஏன் முதலிடம் கொடுத்தேன் என்பதற்கு மாடல் ஏ காரின் எஞ்சினே சாட்சி. அதன் பேரிங்குகள் தனியாக வாங்கிச் செருகும் துண்டுகளல்ல. வெள்ளீயம் கலந்த உலோகத்தை உருக்கி, எஞ்சினிலேயே ஊற்றி, பிறகு கடைந்து எடுத்தவை. இவ்வாறு ஊற்றத் தெரிந்த பட்டறைகள் அருகிவருகின்றன. ஊற்றாமல், புதிய முறைப் பேரிங்கைச் செருகும்படி எஞ்சினைத் திருத்தித் தரும் பட்டறைகளும் உண்டு. அடிக்கடி நெடுந்தூரம் ஓட்டுபவர் இரண்டாவதைத் தேர்ந்தால் நான் குறை சொல்லமாட்டேன். வண்டியை அக்காலத்து வண்டியாகவே வைத்திருக்க விரும்புபவர் நல்ல கைகளைத் தேடிக் காத்திருக்கட்டும். கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், டைனமோ ஆகியவற்றைப் பழசைக் கொடுத்துச் சீர்செய்ததை வாங்கும் எக்ஸ்சேஞ்ச் முறை எங்கும் உண்டு. எளிதுதான், ஆனால் உங்கள் வண்டியோடு பிறந்த எண்ணுள்ள பாகம் போய், பல வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்று வந்து சேரும். சற்றுத் தாமதமானாலும் உங்களுடையதையே சீர்செய்து திருப்பித் தருபவரிடம் கொடுங்கள். குரோம் முலாம் பூசிய பம்பரில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்: செம்பு, நிக்கல், குரோம் என்று முறையாக மூன்று பூச்சுப் பூசும் கூலி நகலின் விலையைத் தாண்டிவிடும், என்றாலும் அசலின் கனம் நகலுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. 1930, 31 மாடல் ஏ வாங்குபவருக்கு இந்தக் கவலை குறைவு. அவ்வாண்டுகளில் ரேடியேட்டர் உறையைத் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்தார்கள், அது மெருகேற்றினாலே போதும்.

இவ்வளவும் கார் வாங்கிய பிறகு. இன்னும் வாங்காதவர் பாக்கியசாலி. பாகத்தை மனத்தில் வைத்தே காரைத் தேர்ந்துகொள்ளலாம். முப்பதுகளின் நடுப்பகுதி வரையில் செவ்ரலே கார்களின் தகட்டுக்கு அடியில் மரச்சட்டம் இருந்தது. அது உளுத்திருந்தால் மெக்கானிக்கைவிடத் தச்சரே அதிகம் தேவைப்படுவார். அதே காலத்து மாடல் ஏ காரில் உடலின் பெரும்பகுதி எஃகு. பெட்ரோல் பம்புகூட இல்லை, டாங்கி மேலே இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கி வரும். பிரேக்கும் கம்பியால் இழுப்பது. கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக விரும்புபவர் அறுபதுகளின் மஸ்டாங்கை நாடலாம். ஆனால் 1967க்கு முந்தியதாயின், ஒரே குழாயில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துப் பிரேக்கும் போய்விடும் அமைப்பு அதில் உள்ளதால், பிந்திய இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை முதல் வேலையாகப் பூட்டிவிடுவது நல்லது. அசல் லட்சணம் கெடுகிறதே என்று என் நண்பர் தயங்கினார்; நான் தயங்கவில்லை.

கம்பெனியே மறைந்துபோன கார்களை அமெரிக்கர்கள் அநாதைக் கார்கள் என்கிறார்கள். வாங்கினால் பாகத்துக்குத் திண்டாட வேண்டும் என்பது பொதுவான பயம். ஸ்டூடிபேக்கர் விஷயத்தில் அந்தப் பயம் பொய். 1852இல் வண்டி செய்யும் சகோதரர்களால் தொடங்கப்பட்டு, 1963 டிசம்பரில் இண்டியானாவின் சௌத் பெண்ட் ஆலையையும், 1966 மார்ச்சில் கனடாவின் ஹாமில்டன் ஆலையையும் மூடிய அந்த ஸ்தாபனத்தின் உதிரிபாகக் கையிருப்பு அழிக்கப்படாமல் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு வந்ததால், பெரிய கம்பெனிகளின் கார்களுக்குக் கிடைக்காத பெட்டி பிரியாத பாகம்கூட அதற்குக் கிடைக்கிறது. சௌத் பெண்டிலுள்ள ஸ்டூடிபேக்கர் அருங்காட்சியகம் அந்த ஸ்தாபனத்தின் ஆவணங்களையும் வரைபடங்களையும் பாதுகாத்து வருகிறது.

யோசனை கேட்பதில் என் முறை இது. முதலில் அந்தக் காருக்கென்றே உள்ள சங்கத்தில் சேருவேன். மாடல் ஏ காருக்கு இரண்டு பெரிய சங்கங்கள் சேர்ந்து, எந்த ஆண்டில் எந்தத் திருகுக்கு எந்தப் பூச்சு இருந்தது என்பதுவரை விவரிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டுள்ளன. பாகம் விற்பவரின் வாய்ச்சொல்லைவிட அதையே நம்புவேன். அச்சிட்ட ஆதாரம் வேண்டுமானால் டெட்ராய்ட் பொது நூலகத்தின் மோட்டார் வரலாற்றுப் பிரிவும், 1935இல் தொடங்கிய பழங்கார்ச் சங்கம் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடத்தும் நூலகமும் உள்ளன. அதே ஹெர்ஷியில் 1955 முதல் அக்டோபர்தோறும் கூடும் பெருஞ்சந்தைக்கு முதல்முறை போகிறவர் வாங்குவதற்கென்று போகாமல், உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கடை கடையாகக் காட்டிக் கேட்பதற்கென்றே போகட்டும். ஐம்பது ஆண்டு அதே கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியவர்கள் அந்த மேசைகளின் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பொருளைக் கண்ணால் கண்டால் கேளாததையும் சொல்வார்கள்.

மஸ்டாங் பார்க்கப் போகிறவருக்கு இன்னும் ஒன்று. பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் இடையே காற்று புகும் சல்லடைத் தகட்டில் ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றி, உள்ளே குனிந்து, ஓட்டுநரின் கால்வைக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கம்பளம் ஈரமானால் தகடு உள்ளே அரித்துவிட்டது என்று பொருள். அதைச் சீர்செய்ய மேல்தகட்டின் பற்றவைப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்துக் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றியவர் ஒருவரைச் சங்கத்தில் தேடிப்பிடித்து, அவருக்கு எத்தனை வாரம் பிடித்தது என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள்.