அடிபட்ட நாய்க்குப் பெனடோல் கொடுக்கலாமா?

வீதியில் அடிபட்ட நாய் முனகினால், பெனடோலைப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கத்தான் பலருக்கும் தோன்றும். இரக்கத்தால் செய்வதுதான். ஆனால் அதிலுள்ள பரசிற்றமோல் அளவு மிஞ்சினால் நாயின் ஈரல் பழுதடையும். செங்குருதிக் கலங்களால் ஒட்சிசனைக் கொண்டுசெல்லவும் இயலாமற் போகும். பூனைக்கோ ஒரு வில்லையே உயிரைப் பறிக்கக்கூடும். இபுபுரோபன் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மிருக வைத்தியர் கொடுக்கும் மெலொக்சிகம்கூட நாயின் நிறைக்கேற்ப அளந்தே கொடுக்கப்படுகிறது. நாம் முன்னரே இபுபுரோபன் கொடுத்திருந்தால் அதையும் உடனே கொடுக்க முடியாது. எனவே கொடுத்ததை அவரிடம் மறைக்கக் கூடாது.

வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். தலைமேல் துவாயொன்றைத் தளர்வாகப் போட்டு, பலகையில் கிடத்திக் கொண்டுசெல்லுங்கள். அடிபட்ட கால் அசையாதிருந்தாலே வேதனை ஓரளவு குறையும்.